சோப்புக்கட்டி சுற்றிய துண்டு: போர்ப்படங்களில் பையன்கள் சிப்பாயாகும் கதை

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ (1987) படத்தில், பயிற்சி முகாமின் நடுவே ஓர் இரவு வருகிறது. பாரக்ஸில் எல்லாரும் தூங்குவதுபோல் கிடக்கிறார்கள். ஒருவன் எழுகிறான், பிறகு இன்னொருவன். ஒவ்வொருவன் கையிலும் ஒரு துண்டு. துண்டுக்குள் முடிந்த சோப்புக்கட்டி. பைல் என்று பட்டப்பெயர் சூட்டப்பட்ட லெனர்ட் லாரன்ஸைப் போர்வையால் கட்டிலோடு இறுக்கிப் பிடித்து, வாயை அடைத்து, வரிசையாக வந்து அடிக்கிறார்கள். கடைசியாக ஜோக்கர். பைலுக்கு ஷூ நாடா கட்டுவதிலிருந்து படுக்கை விரிப்பதுவரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். ஒரு கணம் தயங்குகிறான். அப்புறம் மற்றவர்களைவிட அதிகமாக அடிக்கிறான். அடித்துவிட்டுத் தன் படுக்கைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொள்கிறான்.

பயிற்சி சார்ஜெண்ட் ஹார்ட்மன் அந்தக் காட்சியில் இல்லை. படம் பார்த்தவர்கள் வருடக்கணக்காக நினைவில் வைத்திருப்பதும், யூடியூபில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் அவருடைய வசவுகளைத்தான். ஆனால் பையன் சிப்பாயாகிற இடம் அந்த வசவுகளில் இல்லை. பக்கத்துக் கட்டில்காரன் கையில் துண்டை எடுக்கிற இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் போர்ப்படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால், எது விஷயம் தெரிந்த படம், எது வெறும் சத்தம் என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

அந்தத் துண்டுக்கு முன்னால் ஒரு ஜெல்லி டோனட் இருக்கிறது. பைலின் பெட்டியில் ஒளித்துவைத்த அந்தத் தின்பண்டம் அகப்பட்டதும் ஹார்ட்மன் அவனை ஒன்றும் செய்வதில்லை. இனி அவன் செய்யும் தப்புக்கெல்லாம் மற்றவர்கள்தான் தண்டனை அனுபவிப்பார்கள் என்று அறிவிக்கிறார். பைல் நடுவில் நின்று டோனட்டைத் தின்ன, சுற்றிலும் மொத்தப் பிளாட்டூனும் தண்டால் எடுக்கிறது. எவனோ பேசியதற்காக வகுப்பே முட்டி போட்ட பள்ளிக்கூட நாட்களை மறக்காதவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. வாத்தியாருக்குக் கை வலிக்காது; மற்ற வேலையைப் பையன்களே பார்த்துக்கொள்வார்கள்.

பைல் போன்றவன் அங்கே வந்ததும் வெறும் கதைக்காரரின் கற்பனை இல்லை. 1966இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா, அறிவுத்திறன் தேர்வில் தேறாமல் அதுவரை திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் படையில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். ‘ஒரு லட்சம் பேர் திட்டம்’ என்பது அதன் பெயர். அது முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். படத்துக்கு மூலமான நாவலை எழுதிய கஸ்டவ் ஹாஸ்ஃபோர்ட் வியட்நாமில் மரைன் படையின் செய்தியாளராக இருந்தவர். இப்படிப்பட்ட பையன்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

ஹார்ட்மனாக நடித்த ஆர். லீ எர்மி நிஜமாகவே மரைன் படையில் பயிற்சி சார்ஜெண்டாக இருந்தவர். குப்ரிக் அவரைத் தொழில்நுட்ப ஆலோசகராகத்தான் கூப்பிட்டார். வேடம் வேறொரு நடிகருக்குப் பேசி வைத்திருந்தது. எர்மி வாயைத் திறந்ததும் நிலைமை மாறிவிட்டது. அந்த நடிகருக்குக் கடைசியில் ஹெலிகாப்டரில் உட்கார்ந்து வயல்காட்டில் இருப்பவர்களைச் சுடும் சிறு வேடம்தான் மிஞ்சியது. எர்மியின் வசனத்தில் பெரும்பங்கு அவரே இட்டுக்கட்டியது. நடிப்பு அபாரம் என்பதில் சந்தேகமில்லை. அதுவே படத்துக்குக் கெடுதலாகவும் முடிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹார்ட்மனுக்கு முன்பு ஹாலிவுட்டில் பயிற்சி சார்ஜெண்ட் என்றால் முரட்டு அப்பா. ‘சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜீமா’ (1949) படத்தில் ஜான் வெய்ன் செய்த ஸ்ட்ரைக்கர் அப்படிப்பட்டவர்: பையன்கள் முதலில் வெறுப்பார்கள், குண்டு பறக்கும்போது அவர் சொல்லிக்கொடுத்தது உயிரைக் காக்கும், கடைசியில் கண்ணீர். 1956 ஏப்ரலில் தென் கரோலினாவின் பாரிஸ் ஐலண்ட் முகாமில், ஒழுங்கு கற்பிப்பதற்காக ஒரு சார்ஜெண்ட் தன் பிளாட்டூனை இரவில் சதுப்பு ஓடைக்குள் நடத்திச் சென்றார். பயிற்சிப் பையன்கள் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். நாடே கொந்தளித்தது. அடுத்த ஆண்டே ஜாக் வெப் அதே முகாமைக் களமாக வைத்து ‘த டி.ஐ.’ என்ற படத்தை மரைன் படையின் ஒத்துழைப்போடு எடுத்தார். நிஜ மரைன்களே அதில் நடித்தார்கள். கத்துகிற சார்ஜெண்டுக்கு உள்ளே தங்கமான மனசு. ஆறு பேர் செத்த முகாமின் பெயரைத் துடைக்க இதைவிட நல்ல துணி கிடைக்காது.

முரட்டு அப்பா, கொடூர அப்பா என்று மாறினாலும் இந்தப் படங்களெல்லாம் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன. மேலே நிற்பவன் கீழே நிற்பவனைச் செய்கிறான், குயவன் பானை செய்வதுபோல. உண்மை வேறு மாதிரி இருக்கலாம் என்று ராணுவத்துக்கு உள்ளிருந்தே ஒருவர் எழுதினார். எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் 1947இல் வெளியிட்ட நூலில், இரண்டாம் உலகப்போரில் எதிரியை நேருக்கு நேர் சந்தித்த காலாட்படையினரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் யாரும் துப்பாக்கியை இயக்கவே இல்லை என்றார். அந்த எண்ணிக்கையை அவர் திரட்டிய விதத்தைப் பின்வந்த வரலாற்றாளர்கள் கடுமையாகச் சந்தேகித்தார்கள். ஆனாலும் பயிற்சி மாறியது: சுடுதளத்தில் வட்டக் குறிகளின் இடத்துக்கு மனித உருவ அட்டைகள் வந்தன. மார்ஷல் சொன்ன இன்னொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சிப்பாயைச் சுட வைப்பது வெறுப்போ தேசபக்தியோ கிடையாது, பக்கத்தில் ஒரு தோழன் இருக்கிறான் என்ற உணர்வுதான் என்பது அவர் கணிப்பு. எண்கள் பொய்யாக இருந்தாலும் இந்தக் கணிப்பைச் சினிமா திரும்பத் திரும்ப மெய்யாக்கியிருக்கிறது.

அதை மிக ஆழமாகச் செய்தவர் மசாகி கொபயாஷி. அவருடைய ‘த ஹியூமன் கண்டிஷன்’ 1959 முதல் 1961 வரை மூன்று படங்களாக வந்தது. மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். கொபயாஷி 1942இல் ஜப்பானியப் படைக்கு இழுக்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்து, கடைசிவரை சாதாரண சிப்பாயாகவே இருந்தவர். அதனால் அவர் காட்டும் பாரக்ஸில் ஓர் அதிகாரி கத்துவதைவிட, போன வருடம் அடிவாங்கியவன் இந்த வருடம் புதிதாக வந்தவனை அடிப்பதுதான் அதிகம். பழைய சிப்பாய், புதிய சிப்பாய்: அந்த உலகத்தில் வேறு சாதி கிடையாது.

இரண்டாவது படத்தில் ஒபாரா என்று ஒருவன் வருகிறான். கண்பார்வை மந்தம், உடம்பில் வலு இல்லை, வீட்டில் மனைவிக்கும் தாய்க்கும் ஓயாத சண்டை. நீண்ட நடையணிவகுப்பில் பாதியில் விழுந்துவிடுகிறான். அன்று இரவு பழைய சிப்பாய்கள் அவனைத் துப்பாக்கி அடுக்கும் சட்டத்துக்குப் பின்னால் நிற்கவைத்து, கம்பிக்குள் நின்று வாடிக்கையாளரைக் கூப்பிடும் விலைமாதுபோல நடிக்கச் சொல்கிறார்கள். சுற்றி நின்று சிரிக்கிறார்கள். ஒபாரா கழிப்பறைக்குத் துப்பாக்கியோடு போய்த் தன்னைச் சுட்டுக்கொள்கிறான்.

குப்ரிக்கின் பைலும் கழிப்பறையில்தான் முடிகிறான். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். அதட்ட வந்த ஹார்ட்மனைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். இருபத்தெட்டு வருட இடைவெளியில் இரண்டு படங்கள், இரண்டு நாட்டுப் படைகள், ஒரே அறை. பாரக்ஸில் கும்பல் இல்லாத இடம் அது ஒன்றுதான் என்பதால் இருக்கலாம். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. குப்ரிக் அந்த இடத்தில் வெட்டி வியட்நாமுக்குப் போய்விடுகிறார். செத்தவர்கள் இருவரையும் படம் மறுபடி பேசுவதே இல்லை. கொபயாஷி அந்தச் சாவை விடுவதில்லை. கதாநாயகன் காஜி, கொடுமைப்படுத்திய பழைய சிப்பாய் தண்டிக்கப்பட வேண்டும் என்று அதிகாரியிடம் போய் நிற்கிறான். எதுவும் நடப்பதில்லை. பிறகு காஜியிடமே புதிய பையன்களைப் பயிற்றும் பொறுப்பு வருகிறது. அவர்களைப் பழையவர்களிடமிருந்து தனியே வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான். அவர்களுக்கு விழவேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறான். துண்டை எடுக்க மறுத்த ஒரே ஆள் என்று அவனைச் சொல்லலாம்.

அப்படிப்பட்டவன் என்ன ஆகிறான்? சோவியத் டாங்கிகள் அவர்கள் பதுங்கிய குழிகளின் மேல் ஏறி வருகின்றன. படையில் அநேகமாக எல்லாரும் சாகிறார்கள். உயிர் தப்பியவர்களில் ஒருவன் பித்துப் பிடித்து அலறுகிறான். அலறல் எதிரியை வரவழைத்துவிடும். காஜி தன் கையாலேயே அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். அதன் பிறகு வெட்டவெளியில் அவன் போடும் கூச்சலைத் தத்சுயா நகாதாய் நடித்திருக்கும் விதத்தை எழுத்தில் சொல்ல முடியாது. வல்லவனுக்கும் நல்லவனுக்கும் ஒரே கதி என்பதைக் கொபயாஷி மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் நிறுவுகிறார்.

காலத்தில் இன்னும் முன்னால் போனால் லூயி மைல்ஸ்டோனின் ‘ஆல் குவயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ (1930). ரெமார்க்கின் நாவல் வெளிவந்த மறு வருடமே எடுக்கப்பட்டது. சிறந்த படத்துக்கும் இயக்கத்துக்கும் ஆஸ்கர் பெற்றது. பெர்லினில் திரையிட்டபோது கோயபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் துர்நாற்றக் குண்டுகளைப் போட்டு, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாளில் ஜெர்மனியில் தடையும் வந்தது. இந்தப் படத்தின் ஹிம்மல்ஷ்டோஸ் ஹார்ட்மனைவிடச் சுவாரசியமானவன். நேற்றுவரை ஊரில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தவன். இன்று சீருடை ஏறியதும், தெரிந்த பையன்களையே சேற்றில் புரட்டி எடுக்கிறான். போர்முனைக்கு வந்ததும் நடுங்கிச் சுருள்கிறான். ஆக, அவனிடம் கற்றது ஒன்றும் அங்கே உதவவில்லை. பையன்களுக்கு நிஜப் பாடம் எடுப்பது காட்சின்ஸ்கி என்ற மூத்த சிப்பாய்: எந்தக் குண்டின் சத்தத்துக்குக் குனிய வேண்டும், ரொட்டியை எங்கே திருடலாம். அதட்டல் இல்லை, அன்புதான். ஆனால் அந்த அன்பும் அவர்களை வீட்டுக்கு உதவாதவர்களாகத்தான் மாற்றுகிறது. லீவில் ஊருக்கு வரும் கதாநாயகன் பால் தன் பழைய வகுப்பறையில் உண்மையைப் பேசியதும் சின்னப் பையன்கள் அவனைக் கோழை என்கிறார்கள். அவனுக்கு முகாமுக்கே திரும்பிவிடத் தோன்றுகிறது.

2022இல் எட்வர்ட் பெர்கர் எடுத்த ஜெர்மன் பதிப்பு நான்கு ஆஸ்கர் வாங்கியது. செத்தவர்களின் சீருடையைத் துவைத்துத் தைத்துப் புதிய பையன்களுக்குக் கொடுக்கும் தொடக்கம் பிரமாதம். ஆனால் அதில் ஹிம்மல்ஷ்டோஸும் இல்லை, லீவும் இல்லை. பையன்கள் சீருடை மாட்டியதும் நேரே சேறு. முகாமும் வீடும் போய்விட்டால் மாற்றம் என்ற ஒன்றே போய்விடுகிறது. மிஞ்சுவது துன்பத்தின் அளவு மட்டும். படம்பிடிப்பு எவ்வளவு அழகாக இருந்தும் அது எனக்கு மைல்ஸ்டோனின் படத்துக்குக் கீழேதான்.

பயிற்சியே இல்லாமல் பையன் சிப்பாயாக முடியுமா என்ற கேள்விக்குப் பெர்ன்ஹார்ட் விக்கியின் ‘டி ப்ரூக்கே’ (1959) விடை. ஏப்ரல் 1945, போர் தோற்றாயிற்று. ஒரு சின்ன ஜெர்மன் ஊரின் பதினாறு வயதுப் பள்ளி மாணவர்கள் ஏழு பேர் படைக்கு அழைக்கப்படுகிறார்கள். பாரக்ஸில் ஒரு நாள்தான். அவர்களைச் சாகவிட மனமில்லாத ஓர் அதிகாரி, எப்படியும் ஜெர்மன் படையே தகர்க்கப்போகிற உள்ளூர்ப் பாலத்தைக் காவல் காக்கச் சொல்லிப் பத்திரமாக ஒதுக்கி வைக்கிறார். கூட இருந்த கார்ப்பரலைத் தப்பியோடியவன் என்று நினைத்து ராணுவப் போலீஸ் சுட்டுவிடுகிறது. அதனால் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல ஆளில்லை.

அவர்களில் சின்னவன் சீகி. விமானச் சத்தம் கேட்டுக் குப்புற விழுந்ததற்காக நண்பர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அடுத்த விமானம் வரும்போது மற்றவர்கள் விழுகிறார்கள்; சீகி நிற்கிறான். செத்துப்போகிறான். அந்தச் சாவுக்குப் பிறகு மற்றவர்களால் பாலத்தை விட்டு நகர முடிவதில்லை. ஹார்ட்மன் எட்டு வாரம் தொண்டை கிழியக் கத்திச் செய்ததை, ஒரு மத்தியானக் கேலி செய்துவிட்டது. ராணுவ அறிக்கை எதிலும் குறிப்பிடும் அளவுக்கு இந்த நிகழ்ச்சி முக்கியமாகப் படவில்லை என்ற வாசகத்தோடு படம் முடிகிறது.

எலெம் க்ளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) இந்த வரிசையில் தனி ரகம். பெலாரஸ் கிராமத்துச் சிறுவன் ஃப்ளியோரா மணலைத் தோண்டித் துப்பாக்கி எடுக்கிறான். கெரில்லாப் படையில் சேர அதுதான் நுழைவுச்சீட்டு. சேர்ந்ததும் அவனுடைய நல்ல பூட்ஸை மூத்தவன் ஒருவனுக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லிவிட்டு, அவனை முகாமிலேயே விட்டுப் படை கிளம்பிவிடுகிறது. படம் முழுக்க அவன் ஒரு எதிரியைக்கூடச் சுடுவதில்லை. பார்க்கிறான், அவ்வளவுதான். ஊரோடு மக்களை அடைத்து எரிப்பதைப் பார்க்கிறான். நடித்த அலெக்ஸெய் க்ராவ்சென்கோவுக்கு அப்போது பதினான்கு வயது போல. படம் முடிகையில் அந்த முகம் கிழவன் முகம். கடைசியில் சேற்றில் கிடக்கும் ஹிட்லர் படத்தைச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. ஹிட்லர் தாய்மடியில் இருக்கும் குழந்தையானதும் கை நின்றுவிடுகிறது. பெலாரஸில் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட கிராமங்கள் 628 என்று திரையில் எழுத்து வருகிறது. என் வாதத்துக்கு இந்தப் படம் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே கும்பல் அவனை உருவாக்கவில்லை, கைவிட்டது. கடினப்பட்டவனால் குழந்தையைச் சுட முடியவில்லை என்பதால் அவனைச் சிப்பாய் என்று சொல்வதா என்பதே சந்தேகம்.

ஆலிவர் ஸ்டோனின் ‘பிளாட்டூன்’ (1986) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சார்ஜெண்ட் ஒருவர், கெட்ட சார்ஜெண்ட் ஒருவர், நடுவில் படித்த பையன். வியட்நாமில் போரிட்ட ஒருவர் எடுத்ததால் காட்டின் ஈரமும் தூக்கமின்மையும் நிஜமாக இருக்கின்றன. மாற்றத்தைப் பற்றிய சிந்தனை பழைய அப்பா கதைதான், அப்பாக்கள் இரண்டு பேர் என்பதைத் தவிர.

இந்தப் படங்களையெல்லாம் பார்த்த கையோடு ஃபிரடெரிக் வைஸ்மனின் ‘பேஸிக் டிரெயினிங்’ (1971) என்ற ஆவணப்படத்தைப் பார்ப்பது நல்லது. கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது எடுத்தது. ஹார்ட்மன்கள் யாரும் இல்லை. அதிகாரிகள் பெரும்பாலும் அலுவலகத்துக்காரர்கள்போலப் பேசுகிறார்கள். ஒரு பையனுக்கு இடது வலது எவ்வளவு சொல்லியும் வருவதில்லை. தனியே நிறுத்தி மறுபடி மறுபடி நடக்க வைக்கிறார்கள். இன்னொருவன் எனக்கு இது வேண்டாம் என்று அமைதியாக வாதாடுகிறான். அங்கேயும் வேலை நடந்துவிடுகிறது. பட்டமளிப்பு அணிவகுப்பில் எல்லாரும் ஒரே கால் வைக்கிறார்கள். வசவைவிட வழக்கமும் சலிப்பும் வேகமாக வேலை செய்யும் என்பதைக் கதைப்படக்காரர்கள் எடுக்கத் துணிவதில்லை, டிக்கெட் விற்காது.

கடினமாக்கப்பட்டவன் திரும்பி வந்தபின் என்ன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு படம் உண்டு. ழாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015) கான் விழாவில் தங்கப்பனை வென்றது. முக்கிய வேடத்தில் நடித்த அந்தோணிதாசன் யேசுதாசன், ‘கொரில்லா’ நாவலை எழுதிய ஷோபாசக்தி. இளம்வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். தோழர்களின் சிதையோடு தன் சீருடையையும் எரிப்பதில் தொடங்குகிறான் தீபன். பாரிஸ் புறநகரில் காவல்காரனாக, குழாய் பழுதுபார்ப்பவனாக வாழப் பார்க்கிறான். போதைக் கும்பல்களின் சுடுசண்டை தொடங்கியதும் தரையில் வெள்ளைக் கோடு போட்டு, இதைத் தாண்டாதே என்கிறான். சீருடை எரிந்தது; பயிற்சி எரியவில்லை. க்ளைமாக்ஸ் சண்டையைச் சற்றுக் குறைத்திருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும். தமிழ்ப் படங்களில் பட்டாளத்துக்காரர் பெரும்பாலும் செய்து முடித்த ஆளாகவே ரயிலிலிருந்து இறங்குகிறார். அவர் எப்படிச் செய்யப்பட்டார் என்று கேட்கும் பழக்கம் நம் திரைக்கதைகளுக்கு அவ்வளவாக இல்லை.

முன்னால் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட்மனைக் கொடுமையின் முகமாகத்தான் குப்ரிக் காட்டினார். படையோ அவரைச் சுவீகரித்துக்கொண்டது. பணியிலிருந்து ஓய்வுபெற்று முப்பது வருடம் ஆன எர்மிக்கு 2002இல் மரைன் படை கௌரவப் பதவி உயர்வு கொடுத்தது: ஹார்ட்மன் திரையில் வகித்த அதே கன்னரி சார்ஜெண்ட் பதவி. வளைகுடாப் போருக்குப் போன அந்தோணி ஸ்வோஃபோர்டின் நினைவுக்குறிப்பை வைத்து சாம் மெண்டஸ் எடுத்த ‘ஜார்ஹெட்’ (2005) படத்தில், மரைன் பையன்கள் கொப்போலாவின் வியட்நாம் படத்தைப் போட்டு, ஹெலிகாப்டர்கள் கிராமத்தைத் தாக்கும் காட்சிக்கு ஆரவாரம் செய்கிறார்கள். போரை எதிர்த்து எடுத்த படமும் போருக்குப் போகிறவனுக்கு உற்சாக பானம்தான் என்பது ஸ்வோஃபோர்டின் கட்சி. பாதி சரி. 1930 படத்தில் பாலாக நடித்த லூ அயர்ஸ், இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுத்து, பசிபிக் முனையில் மருத்துவப் பணியாளராக வேலை செய்தார். படத்தைப் பொறுத்தும் இருக்கிறது.

சத்தமாகப் பேசும் ஒருவரிடம் கேமரா மயங்கிப்போனால், பார்ப்பவனும் அவர் பின்னால்தான் போவான். குப்ரிக்கின் முதல் முக்கால் மணி நேரத்தில் நடந்தது அதுதான். ஹ்யூ நகரச் சண்டை வரும் இரண்டாம் பாதி தொய்வு என்று பலர் குறை சொல்வார்கள்; நான் சேரமாட்டேன். லண்டன் பெக்டனின் கைவிடப்பட்ட எரிவாயு ஆலையில் எடுத்த அந்த இடிபாட்டில், மறைந்திருந்து சுடும் எதிரி ஒரு சின்னப் பெண் என்று தெரிகிறபோது ஜோக்கரின் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. எட்டு வாரம் கற்றது கைகொடுக்கவில்லை. அடிபட்டுக் கிடந்து கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சும் அவளைக் கைத்துப்பாக்கியால் சுடுகிறான். சுற்றி நிற்கும் தோழர்கள் மெச்சுகிறார்கள். கருணையா கொலையா என்று அவனுக்கே தெரியாது. தோழர்களுக்குத் தெரியும்: இன்று அவன் அவர்களில் ஒருவன். மிக்கி மவுஸ் பாட்டுப் பாடிக்கொண்டு எல்லாரும் நடக்கிறார்கள்.

இருந்தும், ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் சிபாரிசு குப்ரிக் இல்லை. ‘த ஹியூமன் கண்டிஷன்’ இரண்டாவது படத்தைப் பாருங்கள். மூன்றையும் பார்க்க நேரமில்லாதவர்கள் முதல் படத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நேரே இதில் உட்காரலாம். ஒபாராவின் கதை முதல் பாதியிலேயே வந்துவிடும்.